கேமரா யார் பக்கம் நிற்கிறது?

பாரிஸ் புறநகர்களில் அரபு, ஆப்பிரிக்கக் குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் அங்கே வரும் போலீஸையும் பற்றிய படங்களை விடாமல் பார்க்கிறவன் நான். யார் நல்லவன், யார் கெட்டவன் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்; முதலில் கேமரா எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள்.

1995இல் மாத்தியூ கஸோவிட்ஸ் எடுத்த 'லா ஹெய்ன்' படத்தில் தொடங்குங்கள். கலவரத்துக்கு மறுநாள், ஒரு டிவி குழு காரை விட்டு இறங்காமலே, கீழே நிற்கும் மூன்று இளைஞர்களிடம் கேள்வி கேட்கும். "இதென்ன துவாரியா?" என்று கொதிப்பார்கள். துவாரி, காரில் இருந்தபடியே மிருகங்களைப் பார்க்கிற பூங்கா. இனி எந்தப் படத்திலும் காருக்குள் யார், வெளியே யார் என்று பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள்.

அடுத்து லாட்ஜ் லீயின் 'லே மிஸரபிள்' (2019). பாரிஸ் புறநகரான மொன்ஃபெர்மெயில் வளர்ந்து, அங்கே போலீஸ் நடந்துகொள்வதைத் தன் கேமராவில் பதிவு செய்தவர் அவர். ஆனாலும் நம்மைப் போலீஸ் காருக்குள்தான் உட்கார வைக்கிறார். காரில் இருக்கும் மூன்று போலீஸாரில் ஒருவர் ஊருக்குப் புதிது, நம்மைப் போலவே. நம் அனுதாபமும் அவரோடு சேர்ந்து சுற்றும். இங்கேதான் கவனம் வேண்டும். ஈசா என்ற சிறுவனின் முகத்தில் ரப்பர் குண்டு பாய்வதை ஒரு ட்ரோன் படம் பிடித்துவிடுகிறது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய கார் எதைத் தேடி ஓடுகிறது? அந்த வீடியோவை. இந்தப் பகுதியைச் சத்தத்தை அணைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். இசையும் வசனமும் இல்லாதபோது, அடிபட்ட பையன் எவ்வளவு நேரம் காத்திருக்கிறான் என்பது உறைக்கும்.

நிஜத்தையும் கையோடு படித்துவிடுங்கள். கஸோவிட்ஸைப் படம் எடுக்கத் தூண்டியது, 1993 ஏப்ரலில் பாரிஸ் காவல் நிலையத்தில் விசாரணையின்போது சுட்டுக் கொல்லப்பட்ட 17 வயது மகோமே. 2005 அக்டோபர் 27 அன்று போலீஸுக்குப் பயந்து மின் நிலையத்தில் ஒளிந்த இரு பையன்கள் மின்சாரம் தாக்கி இறந்த க்ளிஷி-சூ-புவா, மொன்ஃபெர்மெய்க்குப் பக்கத்து ஊர். அதன்பின் மூன்று வாரம் பிரான்ஸ் எரிந்தது.

படத்தில் வருகிற ஆட்களுக்கு வீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். 'லா ஹெய்ன்' படத்தில் அந்த மூன்று இளைஞர்களில் ஒருவனான ஊபேர் தன் அம்மாவிடம் காசு கொடுக்கிற காட்சி எனக்குக் கலவரக் காட்சிகளைவிட முக்கியம். 2022இல் வந்த ரொமேன் காவ்ராஸின் 'அதீனா', எடிட்டிங் வெட்டே இல்லாத நீண்ட காட்சியோடு தொடங்கும்; பிரமிப்பு அடங்கட்டும், ஓடுகிற இளைஞர்களில் யாரைப் பற்றி நமக்கு என்ன தெரிந்தது என்று ஒரு தாளில் எழுதிவிட்டு மீதியைப் பாருங்கள்.