பள்ளியிலேயே கல்லூரிப் பாடமா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பெங்களூரு அல்சூரில் பி.யு.சி. (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் பிள்ளைகள் உள்ள தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "என்பிடெல்ல ஒரு கோர்ஸ் சேர்த்துவிடலாமா?" என்பதுதான். தாராளமாகச் சேர்க்கலாம். ஏழு ஐஐடிகளும் நம் ஊர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய இணையவழிக் கல்வித் திட்டம் அது. கல்லூரிப் பாடத்தை வீட்டிலிருந்தே இலவசமாகப் படிக்கலாம்.

ஆனால், பாடத்தில் சேர்வது வேறு, சான்றிதழ் தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. இது தெரியாமல் நான் என் மகளைத் தவிக்கவிட்டேன். பைத்தான் என்ற கணினி நிரல்மொழிப் பாடத்தை 12 வாரமும் படித்து, அசைன்மென்ட் ஒன்றைக்கூட விடாமல் முடித்தாள். தேர்வுக்குத் தனியாக விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும் என்று நான் கவனித்தபோது கடைசித் தேதி போய்விட்டது. அன்று இரவு அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். சேர்ந்த அன்றே அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

அசைன்மென்ட் விடைகள் வாராவாரம் யூடியூபிலும் டெலிகிராமிலும் வந்துவிடுகின்றன. அவற்றைப் பார்த்து எழுதுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. மொத்தம் 100-இல் அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 10, தேர்வில் 30 என்று இரண்டிலும் தனித்தனியே தேற வேண்டும். விடையைப் பார்த்து எழுதிப் பழகிய பிள்ளை தேர்வு மையத்தில் திணறிப்போகும். 12 வாரப் பாடத்தில் நன்றாகச் செய்த 8 அசைன்மென்ட்தான் கணக்கில் சேரும். பள்ளியில் பரீட்சை வரும் வாரத்தில் ஒன்றை விட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை, காப்பி அடிக்க அவசியமே இல்லை.

சேர்வதற்கு முன் முதல் வாரப் பாடத்தைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கணிதத்தில் வகையீடு (டிஃபரன்சியேஷன்) தெரியாத பிள்ளையை இயந்திரக் கற்றல் (மெஷின் லேர்னிங்) பாடத்தில் தள்ளக் கூடாது.

சான்றிதழ் இருந்தால் பின்னால் கல்லூரியில் அது கிரெடிட்டாகிவிடும், அதாவது பட்டப்படிப்புக் கணக்கில் சேர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தானாக ஆகாது, சேரும் கல்லூரியின் விதியைப் பொறுத்தது. அமெரிக்கா போக நினைத்து ஏபி (பள்ளி மாணவர்களுக்கான கல்லூரி நிலைப் பாடத் தேர்வு) எழுதுபவர்களுக்கும் இதே கதைதான். 5-க்கு 3 வாங்கினால் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், சில 5 கேட்கும், சில கிரெடிட்டே தராது. ஏபி தேர்வுகள் மே மாதம் நடக்கும். நீட்டும் மே தொடக்கத்தில்தான் வரும். இரண்டும் எழுதப்போகும் பிள்ளையென்றால் ஏபியை முதல் பி.யு.சி.யிலேயே முடித்துவிடட்டும். ஏபிக்குப் பதிவு முந்தைய ஆண்டின் பிற்பகுதியிலேயே முடிந்துவிடும். மார்ச்சில் விசாரித்தால் இடம் கிடைக்காது.