டெல்டாவிலிருந்து பெல்ஜியத்துக்கு: சைக்கிள் வீரர்கள் பெட்டியில் கட்டிக்கொண்டு போகும் தவறுகள்

சம்பா அறுவடை முடிந்த கையோடு மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். மகனுக்குப் பத்தொன்பது வயது. மாநில அளவில் இரண்டு மூன்று சாலைப் பந்தயங்களில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்திருக்கிறான். அடுத்த ஏப்ரலில் பெல்ஜியம் போய் மூன்று மாதம் பந்தயம் ஓட்டியே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். "மூன்று லட்சத்துக்கு ஒரு கார்பன் சைக்கிள் பார்த்து வைத்திருக்கிறான் சார். வீட்டு நகையை வைத்து வாங்கிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். வெளிநாடு கிளம்பும் பையன்கள் செய்யும் முதல் தவறே பணம் முழுவதையும் சைக்கிளில் கொட்டுவதுதான். சர்வதேசச் சைக்கிள் சங்கமான யூசிஐயின் விதிப்படி பந்தயச் சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. எவ்வளவு செலவழித்தாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே போக முடியாது. சமதரையில் கூட்டத்துக்குள் ஓட்டுகிறவனுக்கு எட்டு கிலோ அலுமினியச் சைக்கிளே போதும். மிச்சமாகும் ஒரு கிலோ தலைவிதியை மாற்றிவிடாது. பணம் வேறு இடங்களில் தேவைப்படும்: அறை வாடகை, சாப்பாடு, உபரிச் சக்கரம், விழுந்து எழுந்தபின் மாற்ற வேண்டிய கியர் பாகங்கள். விழுவதற்கென்றே ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்வேன். விழாமல் திரும்பி வந்தவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

நானும் போனவன்தான். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை முழுக்க, பெல்ஜியத்தின் வடபகுதியான ஃபிளாண்டர்ஸில் ஓட்டினேன். கோப்பை எதுவும் வாங்கி வரவில்லை. கடைசிச் சுற்று வரை முன்கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது மொத்தம் நான்கே பந்தயங்களில். அங்கே நான் செய்த தவறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்து பத்திரமாக எடுத்துப் போனவை. ஊரில் அவை நல்ல பழக்கங்களாகத்தான் இருந்தன.

காகிதங்களை முதலில் முடித்துவிடுவோம். வெளிநாட்டில் பந்தயம் ஓட்ட இந்திய சைக்கிள் சம்மேளனத்தின் உரிமம் வேண்டும். அதோடு, வெளிநாட்டில் ஓட்ட அனுமதிக்கும் கடிதமும் வேண்டும். உரிமத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய், பெயர் பதியும் மேசையில் திரும்ப அனுப்பப்பட்டவர்கள் உண்டு. ஷெங்கன் விசாவில் தங்கக் கிடைப்பது எந்த 180 நாளிலும் அதிகபட்சம் 90 நாள். அதை நம் ஆட்கள் மூன்று மாதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஏப்ரல் 1 இறங்கி ஜூன் 30 கிளம்பினால், இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்து 91 நாள் ஆகிவிடும். அந்த ஒரு நாள் அடுத்த விசாவுக்கே வினையாகலாம். விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் விளையாட்டுப் போட்டியில் ஏற்படும் காயத்துக்குப் பணம் கிடையாது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். படித்துப் பாருங்கள்.

கொல்லன் தெருவில் ஊசி

டெல்டாக்காரனுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. ஆடியில் தஞ்சாவூரிலிருந்து கல்லணைக்குப் புது ஆற்றங்கரையோரம் ஓட்டியவனுக்கு எதிர்காற்று என்றால் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. குனிந்து, பல்லைக் கடித்து, தனியாக மிதித்துக்கொண்டே போவான். அந்தத் தைரியம்தான் அங்கே காலை வாரிவிடும்.

ஃபிளாண்டர்ஸில் காற்று பக்கவாட்டில் அடிக்கும். அடித்ததும் முன்னால் இருப்பவர்கள் சாலையின் குறுக்கே சரிவாக விரிந்துகொள்வார்கள். அந்த வரிசைக்கு டச்சு மொழியில் 'வாயர்' என்று பெயர். விசிறி என்று பொருள். முன்னால் இருப்பவர் காற்றை வாங்க, அடுத்தவர் அவருக்குச் சற்றுப் பக்கவாட்டில் மறைவாக ஒட்டிக்கொள்வார். சாலை எவ்வளவு அகலமோ அத்தனை பேருக்குத்தான் மறைவு. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் இடம் இருக்காது. பிந்தியவர்கள் சாலை விளிம்பில் ஒருவர் பின் ஒருவராக, மறைவே இல்லாமல் தொங்குவார்கள். ஐந்து நிமிடத்தில் அந்தச் சங்கிலி எங்காவது அறும். அறுந்த இடத்துக்குப் பின்னால் இருப்பவனுக்கு அன்றைய பந்தயம் முடிந்தது.

என் முதல் மூன்று பந்தயங்களில் நான் அறுந்த இடத்துக்குப் பின்னால்தான் இருந்தேன். காற்று அடித்தபின் முன்னேறிக்கொள்ளலாம் என்று தெம்பாக இருந்தேன். முன்னேற வேண்டியது சாலை திரும்புவதற்கு முன். ஊரில் பனைமட்டை சாய்வதையும் வைக்கோல் புகை போகும் திசையையும் பார்த்துக் காற்றைச் சொல்கிறோம் அல்லவா? அதே கண்ணால் அங்கே கொடிகளையும் காற்றாலைகளையும் பார்க்க வேண்டும். அடுத்த திருப்பத்துக்குப்பின் காற்று எந்தப் பக்கம் வரும் என்று கணக்குப் போட்டு, இரண்டு கிலோமீட்டர் முன்பே முன்வரிசைக்கு ஏறிவிட வேண்டும்.

பெல்ஜியத்தின் மேற்கே, கடலை ஒட்டி, டெ மூரன் என்று ஒரு பகுதி இருக்கிறது. ஏரியாக இருந்த இடத்தை வடித்து வயலாக்கியது. கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான நிலம், சாலையோரம் வடிகால். முதல்முறை பார்த்தபோது தலைஞாயிறு பக்கம் வந்துவிட்டேனோ என்றுதான் தோன்றியது. கென்ட்–வெவல்கெம் பந்தயம் அந்தச் சீமையில் நடப்பது. 2015இல் புயல் போன்ற காற்றில் வீரர்கள் ஓரப் பள்ளங்களுக்குள் தள்ளப்பட்டார்கள். முடித்தவர்கள் 39 பேர் மட்டுமே. கெரெய்ன்ட் தாமஸ் சாலையிலிருந்து தூக்கி வீசப்பட்டு, எழுந்து ஓட்டி, மூன்றாவதாக வந்தார்.

இதற்கு ஊரிலேயே பழகலாம். ஆடி மாதம் விடியற்காலையில் வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் சாலைக்கு ஐந்து பேராகப் போங்கள். தெற்கு நோக்கிய வெட்டவெளிச் சாலை. தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் வாங்கும். சாலையின் பாதி அகலத்துக்குள் மட்டும் விசிறி பிடித்துப் பழகுங்கள். மறுபாதி எதிரே வரும் உப்பு லாரிக்கு. அதற்கும் முன்னால், புல்தரையில் இருவர் இருவராகத் தோள் உரசி ஓட்டிப் பழக வேண்டும். நாம் ஒருவர் முழங்கை மற்றவர் மேல் பட்டாலே பிரேக் பிடிக்கிறோம். அங்கே கூட்டத்தின் நடுவில் பிரேக் பிடிப்பவனை மன்னிக்க மாட்டார்கள்.

தேர் வீதி

பெல்ஜியத்தில் புதிதாகப் போகிறவன் ஓட்டுவது பெரும்பாலும் கெர்மஸ் பந்தயம். அந்தச் சொல்லே தேவாலயத் திருவிழாவைக் குறிப்பது. ஊர் நடுவில் தேவாலயம், சுற்றிலும் ராட்டினமும் தின்பண்டக் கடையும், ஆறேழு கிலோமீட்டர் சுற்றுப் பாதை. அதைப் பதினைந்து இருபது தடவை சுற்றினால் நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்துவிடும். நம் ஊர்த் திருவிழாவில் தேருக்குப் பதில் சைக்கிள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் பயிற்சி எடுப்பதோ நெடுஞ்சாலையில், நான்கு மணி நேரம், ஒரே சீரான வேகத்தில். கெர்மஸில் சீரான வேகம் என்று ஒன்றே கிடையாது. திருப்பத்தில் வேகம் குறையும். வெளியே வந்ததும் எல்லோரும் எழுந்து நின்று மிதிப்பார்கள். பின்னால் இருப்பவனுக்கு அந்த இழுப்பு இன்னும் கடுமை. ஒரு சுற்றில் எட்டுத் திருப்பம், பதினைந்து சுற்று என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். என் தொடைகள் ஆறாவது சுற்றிலேயே கைவிட்டன.

திருவாரூர்க்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஆழித்தேர் ஓடும் நான்கு வீதிகளைப் போல ஒரு பயிற்சிக் களம் உலகில் எங்கும் தேட வேண்டாம். நாலரை மணிக்குப் போனால் கோலம் போடுபவர்கள்கூட வந்திருக்க மாட்டார்கள். நான்கு திருப்பம், ஒவ்வொன்றிலிருந்தும் வெளியே வரும்போது பத்து நொடி முழுமூச்சு. நாற்பது நிமிடம் போதும்.

மலைப் பயிற்சியிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. சமதரையில் பிறந்தவர்கள் என்ற தாழ்வு மனப்பான்மையில், கிடைத்த ஞாயிறெல்லாம் எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைக்குப் போகிறார்கள். பிரான்ஸின் ஆல்ப்ஸுக்குப் போகிறவனுக்கு அது சரி. ஃபிளாண்டர்ஸின் மேடுகள் குட்டையானவை, செங்குத்தானவை, பல கருங்கல் பாவியவை. பாடர்பெர்க் வெறும் 360 மீட்டர். ஆனால் 20 சதவீதம் வரை சரிவு. அதற்கு ஊர் ரயில்வே மேம்பாலத்தைக் கனமான கியரில் இருபது தடவை ஏறுவதே மேல். டயரில் காற்றைக் கல்லாக அடைக்கும் வழக்கத்தையும் விடுங்கள். ஈரக் கருங்கல்லில் அது சோப்புக் கட்டியின் மேல் ஓட்டுவது மாதிரி.

இன்னொன்று, சின்ன விஷயம்; எனக்கு ஒரு பல் போனது இதனால்தான். நம் சைக்கிள்களில் முன்சக்கரப் பிரேக் பொதுவாக வலக்கையில் இருக்கும். அங்கே இடக்கையில். மூன்றாம் நாள், இரவல் சைக்கிள், மழை, எதிரே ஒரு கார். பழக்க தோஷத்தில் கை செய்ததைச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்துக்கடைப் பழக்கம்

எல்லாவற்றிலும் ஆபத்தானது இது. ஏனென்றால் இதைத் தவறு என்றே யாரும் நினைப்பதில்லை. நம் பக்கத்தில் உடம்பு அசந்தால் தெருமுனைக் கிளினிக்குக்குப் போய் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வருகிறோம். உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையான வாடாவின் விதிப்படி, பன்னிரண்டு மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது தடை செய்யப்பட்ட முறை. மருத்துவமனைச் சிகிச்சை, அறுவை சிகிச்சை போன்றவைதான் விலக்கு. கிளினிக்கில் தொங்கும் பாட்டில் பெரும்பாலும் 500 மில்லி. உள்ளே போவது வெறும் உப்புத் தண்ணீர்தானே என்ற வாதம் எடுபடாது.

இருமல் மருந்தும் அப்படித்தான். இங்கே சர்வசாதாரணமாக விற்கும் சிரப்புகள் பலவற்றில் டெர்பியூட்டலின் இருக்கிறது. அது தடைப் பட்டியலில் உள்ள பொருள். காய்ச்சலுக்குப் போடும் ஊசியில் டெக்சாமெத்தசோன் கலந்திருந்தால் அது ஸ்டீராய்டு. போட்டிக் காலத்தில் ஊசியாகவோ மாத்திரையாகவோ எடுக்கக் கூடாது. டாக்டர்தான் கொடுத்தார் என்று சீட்டைக் காட்டினால் மட்டும் தப்ப முடியாது. சிகிச்சைக்கு உண்மையிலேயே தேவை என்றால் அதற்கென உள்ள விலக்கு அனுமதியை வாங்க வேண்டும். உடம்பில் என்ன இருந்தாலும் பொறுப்பு வீரனுடையது என்பதே விதி.

பாட்டி கட்டிக் கொடுக்கும் லேகியத்தைப் பற்றிப் பேசினால் வீட்டில் சண்டை வரும். பேசத்தான் வேண்டும். சுக்கும் மிளகும் கருப்பட்டியும் மட்டும் என்றால் பயமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத டப்பா எதுவானாலும், லேகியமோ ஜிம்மில் விற்கும் புரதப்பொடியோ, பெட்டியில் ஏறக் கூடாது.

சாப்பாட்டில் நமக்குப் பயமே தேவையில்லை. ஐரோப்பியப் பந்தய வீரர்கள் சட்டைப் பையில் சோற்றைக் குழையவிட்டுச் சர்க்கரை சேர்த்து வில்லையாக வெட்டிக் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொள்கிறார்கள். இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஊரிலிருந்து பிஸ்கட் பொட்டலங்களைச் சுமந்து போயிருந்தேன். சிக்கல் உணவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. கருப்புக் காப்பியோடு வெறும் வயிற்றில் எண்பது கிலோமீட்டர் போவது நம் வழக்கம். பந்தயத்தில் மணிக்கு 60 கிராமாவது மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், பசிக்கும் முன்பே. குளிரில் தாகம் தெரியாது. அதனால் தண்ணீரும் மறக்கும். ஏப்ரல் காலையில் ஐந்தாறு டிகிரி இருக்கும். முழங்காலை மூடிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஊர் ஞாபகம். இதை வீரர்கள் பலவீனம் என்று மறைக்கிறார்கள். எரித்திரியாவின் பினியம் கிர்மாய் 2022இல் கென்ட்–வெவல்கெமை வென்றார். அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஆப்பிரிக்கக் கறுப்பினத்தவர். அடுத்த ஞாயிறே ஃபிளாண்டர்ஸ் சுற்றுப் பந்தயம். அவரைப் பார்க்க பெல்ஜியமே காத்திருந்தது. அவரோ முன்பே போட்ட திட்டப்படி, மனைவியையும் மகளையும் பார்க்க அஸ்மாராவுக்குக் கிளம்பிவிட்டார். எனக்குத் திரும்பும் தேதியே இல்லாமல் இருந்தது. ஜூன் 12 வந்தும் மேட்டூர் திறக்கவில்லை என்ற செய்தியைக் கைப்பேசியில் பார்த்த அன்று நான் ஓட்டிய பந்தயம் எது என்றுகூட இப்போது நினைவில்லை.

மன்னார்குடிக்காரரிடம் சைக்கிளை விட்டுவிட்டுத் திரும்பும் டிக்கெட்டின் தேதியை முதலில் முடிவு செய்யச் சொன்னேன். போன வாரம் போன் செய்தார். ஏப்ரல் 1 போய் ஜூன் 28 திரும்புவதாகத் திட்டமாம். எண்ணிப் பார்த்தேன், 89 நாள். நகை வீட்டில்தான் இருக்கிறது என்றார்.