தீவுக்குப் போகும்போது நாம் செய்யும் தவறுகள்

லட்சத்தீவில் ஒரு தீவுக்கு வெளியே கப்பல் நின்றது. கரைக்கு இனி சின்னப் படகில்தான் போக வேண்டும். கப்பலின் விலாவில் இருந்த கதவைத் திறந்தார்கள். கீழே படகு ஓர் அலைக்கு நம் காலடி வரை எழும்புகிறது, அடுத்த அலைக்கு ஆள் உயரம் இறங்கிவிடுகிறது. படகுக்காரர் என் அத்தையின் முன்கையை இறுகப் பிடித்து, படகு மேலே வரும் நொடிக்குக் காத்திருந்து ஒரே இழு. அத்தை இறங்கிவிட்டார். தி.நகரில் புதிதாக வாங்கிய அவருடைய நான்கு சக்கரப் பெட்டிதான் இறங்க மறுத்தது. அதை மூன்று பேர் கைமாற்றி இறக்குவதற்குள் பின்னால் நின்ற மொத்த வரிசையும் எங்களை முறைத்தது. கரையில் மணல். சக்கரம் இருந்தும் தூக்கிக்கொண்டுதான் நடந்தோம்.

பவளத்தீவின் அமைப்பு அப்படி. சுற்றிலும் வளையமாகப் பவளப்பாறை, நடுவே ஆழமில்லாத லகூன், அதாவது பாறை வளையத்துக்குள் அடங்கிய கடல்நீர். பெரிய கப்பல் உள்ளே வந்தால் தரை தட்டும். இந்த மாதிரி தீவுகளுக்கு உலகமே சொல்லும் ‘அட்டோல்’ என்ற பெயர் மாலத்தீவின் திவேஹி மொழியிலிருந்து போனதுதான். ஆகவே முதுகில் மாட்டும் பை, அதற்குள் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. வாந்தி மாத்திரை போடுபவர்கள் படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் வீண். ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எனக்குத் தெரிந்து அதிகம் பேர் பணத்தை விடும் தவறு: தூரத்தைப் பார்த்துத் திட்டம் போடுவது. வேளச்சேரியிலிருந்து எழும்பூர் போவதுபோல, ஒன்றில் இறங்கி அடுத்ததில் ஏறிவிடலாம் என்று நினைக்கிறோம். மாலத்தீவுத் தலைநகர் மாலேயின் விமான நிலையத்தில் ஒரு மாலை நேரம் இறங்கினோம். இங்கே பதிவு செய்து கொடுத்த ஏஜென்ட், அன்றே கடல் விமானத்தில் தீவுக்குப் போய்விடலாம் என்றிருந்தார். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹுல்ஹுமாலேவில் அறை எடுத்துத் தூங்கினோம். தீவில் ஏற்கெனவே கட்டிய ஓர் இரவு வாடகை போனது போனதுதான். அங்கே கடிகாரம் நம்மைவிட அரைமணி பின்னால் என்பதையும், வெள்ளிக்கிழமை பொதுப் படகுகள் பெரும்பாலும் ஓடாது என்பதையும் அந்தப் பயணத்தில்தான் கற்றோம்.

அந்தமானுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரச் சொச்சம், கப்பலில் கிட்டத்தட்ட மூன்று நாள். அங்கிருந்து ஹேவ்லாக், நீல் போன்ற தீவுகளுக்குப் படகு. காற்று பலத்தால் படகு ரத்து. கடைசி நாள் காலைப் படகு, மதியம் சென்னை விமானம் என்று டிக்கெட் போட்டிருப்பவரின் நிலையை யோசித்துப் பாருங்கள். கடைசி இரவைப் போர்ட் பிளேயரிலேயே கழியுங்கள். (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம், ஹேவ்லாக்கும் நீலும் 2018இலேயே ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு ஆகிவிட்டன. டிக்கெட்டில் புதுப்பெயரைப் பார்த்து வேறு ஊர் என்று பதற வேண்டாம்.) இன்னொன்று: நேரம் நம் நேரம்தான், ஆனால் சூரியன் முக்கால் மணிக்கும் மேல் முந்திக்கொள்ளும். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் அஸ்தமனம். டீ குடித்துவிட்டு ஐந்தரைக்குக் கடற்கரைக்குக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்க்கலாம்.

சரி, எப்போது போவது? பிள்ளைகளுக்கு லீவு என்று மே கடைசியைப் பிடிப்போம். நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. அங்கே தென்மேற்குப் பருவமழை மே மூன்றாம் வாரவாக்கிலேயே அந்தமானைத் தொட்டு, ஜூன் முதல் தேதி வாக்கில் கேரளத்துக்கு வந்துவிடும். லட்சத்தீவுக் கடல் அப்போது கொந்தளிப்பு. ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் போய்வாருங்கள். பள்ளிக்கு இரண்டு நாள் லீவு எழுதிக்கொடுத்தால் குடி முழுகிவிடாது.

லட்சத்தீவுக்கு இந்தியர்களுக்கே அனுமதிச் சீட்டு வேண்டும். சென்னையிலிருந்து நேர்க் கப்பலும் கிடையாது, கொச்சி போயாக வேண்டும். அனுமதி கைக்கு வருமுன் ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். நிகோபார் தீவுகளுக்குத் தனி அனுமதி. அந்தமானில் பாராடாங் தீவுக்குப் போகும் வழியில் ஜாரவா பழங்குடி மக்களைப் போனில் படம் எடுப்பது குற்றம். வெளியாரைச் சேர்க்காத பழங்குடியினர் வாழும் வட சென்டினல் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் போகவே கூடாது. மீனவரிடம் பேரம் பேசிப் பார்க்கும் சாகசக்காரர்கள் தயவுசெய்து வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் நம்மவர்களை மன்னிக்கவே முடியாது. லாரிக்காகக் குடம் வரிசை வைத்த ஊர்க்காரர்கள் அங்கே போய் அரைமணி நேரம் ஷவரில் நிற்கிறோம். பவளத்தீவின் நிலத்தடியில் உப்பு நீருக்கு மேல் மெல்லிய படலமாக நன்னீர் மிதக்கிறது. அதிகம் இறைத்தால் உப்பு மேலே ஏறிவிடும். லட்சத்தீவின் தலைநகர் கவரத்தியில் 2005 முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது, நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் அளவில். மேல்மட்ட வெதுவெதுப்பான நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கி, ஆழ்கடலின் குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிர்விக்கிறார்கள். அமைத்தது நம் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போகும் எனக்கே அங்கே போய்த்தான் தெரிந்தது.

ஸ்கூபா போகிறவர்கள், கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது பதினெட்டு மணி நேரம் விடுங்கள். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும். இல்லையென்றால் மேலே காற்றழுத்தம் குறையும்போது குமிழியாகிவிடும்.

பவளப்பாறைமேல் ஏறி நிற்காதீர்கள். அது உயிர், போதாக்குறைக்கு அது கிழித்த காயம் லேசில் ஆறாது. கரையில் ஒதுங்கிய செத்த துண்டையும் பையில் போடக்கூடாது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளமும் வருகிறது. போர்ட் பிளேயர் விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்யும்போது எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பத்தை நிறுத்தினார்கள். அப்பா, அம்மா பைகளில் ஒன்றுமில்லை. பையன் தன் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து, ஏழெட்டு வெள்ளைத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தான்.