காதலுக்கு முன்னால் ஒரு நாற்காலி: கல்லூரிக்குப் புதியவர்களுக்கு

முதல் மாதத் தனிமையில் யாராவது சிரித்துப் பேசினாலே மனசு அவர் பின்னால் போய்விடும். அது காதலா, பேச ஆள் கிடைத்த நிம்மதியா? நண்பர்களோடு கும்மாளமாகக் கழிந்த நாளிலும் அவர் நினைப்பு வருகிறதா என்று பாருங்கள். அறையில் தனியாகக் கிடக்கும்போது மட்டும்தான் வருகிறது என்றால், இப்போது வேண்டியது கூட்டாளிகள்.

அதற்கு நேரம் பிடிக்கும். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முகப்பழக்கம் நட்பாகத் தொடங்கவே ஏறத்தாழ 50 மணி நேரம், நெருங்கிய நட்புக்கு 200-க்கும் மேல் என்று கணக்கு வந்தது. வாரம் 5 மணி நேரம் பழகினால் முதல் கட்டத்துக்கே 10 வாரம். மூன்றாம் வாரத்தில் 'எனக்கு யாருமே இல்லை' என்று உடைந்துபோக வேண்டியதில்லை.

பத்துக் குழுவில் பெயர் கொடுக்காதீர்கள். வாராவாரம் அதே ஆட்கள் கூடுகிற இரண்டு போதும். நாடகத்துக்கு மேடை கட்டுவது மாதிரி கைக்கு வேலை இருந்தால் பேச்சு தானாக வரும். விழாக் கூட்டம் இதற்கு உதவாது. அந்த முகங்களை மறுபடி பார்க்க மாட்டீர்கள்.

வகுப்பிலும் ஒரே நாற்காலியைப் பிடியுங்கள். உளவியல் ஆய்வாளர்கள் மோர்லாண்ட், பீச் இருவரும் 1992-இல் வெளியிட்ட சோதனையில், தோற்றத்தில் ஏறக்குறைய ஒத்த நான்கு பெண்கள் ஒரு வகுப்புக்கு முறையே 0, 5, 10, 15 தடவை போனார்கள், யாரிடமும் பேசவில்லை. கடைசியில் படம் காட்டிக் கேட்டால், அதிகம் வந்தவரையே மாணவர்களுக்குக் கூடுதலாகப் பிடித்திருந்தது. இதை நம்பி ஒருவர் போகுமிடமெல்லாம் பின்னால் போகாதீர்கள். அது பழக்கம் இல்லை, தொந்தரவு.

பிடித்தவரிடம் கேட்பது எப்படி? நள்ளிரவில் நீளமான மெசேஜ் வேண்டாம், நண்பனைத் தூது விடவும் வேண்டாம். எதிரே நின்று, நாளும் இடமும் சொல்லி, மறுக்க வழிவிட்டுக் கேளுங்கள்: "வியாழக்கிழமை லேப் முடிஞ்சதும் போட்டோ கண்காட்சிக்குப் போறேன். நேரம் இருந்தா வர்றியா?"

"வியாழன் முடியாது, வெள்ளி போலாமா?" என்றால் விருப்பம் இருக்கிறது. வெறும் "பார்க்கலாம்" என்றால் இன்னொரு தடவை கேட்கலாம். அப்போதும் "பார்க்கலாம்"தான் என்றால் அது இல்லை என்பதுதான். காரணம் கேட்டுக் குடையாதீர்கள். அடுத்த வகுப்பில் அதே நாற்காலி, எப்போதும்போல ஒரு ஹலோ.