கூரை விசிறிக்கு முன்னால் இறவாணம்

டெக்சாஸ் கோடையில் மதிய வேளை, கூரைக்கும் அறைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியான அட்டிக்குக்குள் 130 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிடும். கூரையில் துளையிட்டுக் காற்றை வெளியே தள்ளும் விசிறி வைத்தால் அந்தச் சூடு வெளியேறும் என்று எல்லோருக்கும் தெரியும். வெளியேறும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்து காற்று வரும் என்று கேட்பவர்கள்தான் குறைவு. நான் ஏறிப் பார்த்த வீடுகளில் கோளாறு பெரும்பாலும் விசிறியில் இல்லை. இறவாணத்தின் அடிப்பகுதியான சாஃபிட்டில் காற்று நுழையும் துளைகளை, வெப்பம் தடுக்கும் இன்சுலேஷன் பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே பகலில் அட்டிக்குக்குள் போய் விளக்கை அணையுங்கள். ஓரங்களில் வெளிச்சக் கீற்று தெரியாவிட்டால் முதல் வேலை அங்கேதான். கட்டைகளின் மேலேயே கால் வையுங்கள். இடையில் மிதித்தால் கீழறைக் கூரைப்பலகை உடைந்துவிடும்.

கணக்கு எளிது. அட்டிக்கின் பரப்பைச் சதுர அடியில் எடுத்து 0.7 ஆல் பெருக்குங்கள். விசிறி நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை இழுக்க வேண்டும் என்பது கிடைக்கும்: 1500 சதுர அடிக்கு 1050 கன அடி. கருநிறக் கூரையென்றால் 15 சதவீதம் கூட்டி, 1200 என்று வைத்துக்கொள்ளலாம். அதில் ஒவ்வொரு 300 கன அடிக்கும் இறவாணத்தில் ஒரு சதுர அடி திறப்பு வேண்டும். ஆக, நான்கு சதுர அடி. வலையும் தகடும் மறைக்கும் இடத்தைக் கழித்துவிட்டே கணக்கிடுங்கள். முகட்டில் ரிட்ஜ் வென்ட் (முகட்டு நெடுகிலும் உள்ள காற்றுத் திறப்பு) இருந்தால், இறவாணத்துக் காற்றை விட்டுவிட்டு, அருகிலிருக்கும் அதன் வழியே வரும் காற்றையே விசிறி இழுத்துச் சுற்றும். ஒன்று அதை மூடுங்கள், இல்லையேல் விசிறி வேண்டாம்.

பின்பக்கச் சரிவில், முகட்டுக்குச் சற்றுக் கீழே, இரண்டு ராஃப்டர்களுக்கு (கூரையைத் தாங்கும் சாய்வுக் கட்டைகளுக்கு) நடுவில் உள்ளிருந்து ஓர் ஆணியை மேல்நோக்கி அடியுங்கள். விசிறிக்காகக் கூரைமேல் வெட்டும் வட்டத்துக்கு அதுவே மையம். ராஃப்டரை வெட்டவே கூடாது. அதிகாலையில் ஏறுங்கள், வெயில் ஏறினால் ஷிங்கிள் எனும் தார் பூசிய கூரை ஓடு இளகிக் காலடியில் கிழியும். வட்டத்தை வரைந்து, கொக்கிக் கத்தியால் ஷிங்கிளையும் ரம்பத்தால் அடிப்பலகையையும் அறுங்கள்.

ஒழுகுவதும் ஒழுகாததும் அடுத்த வேலையில் இருக்கிறது. விசிறியின் தகட்டு விளிம்பு மேற்பக்கத்தில் ஷிங்கிளுக்கு அடியில் நுழைய வேண்டும், கீழ்ப்பக்கத்தில் ஷிங்கிளுக்கு மேலே படிய வேண்டும். தடுக்கும் ஆணிகளைத் தட்டைக் கம்பியால் மெல்ல நெம்பி எடுங்கள். மேற்புறமும் பக்கவாட்டிலும் தாரைப் பூசி ஆணி அடித்து, ஆணித் தலைகளையும் மூடுங்கள். கீழ் விளிம்பில் தார் வேண்டாம். உள்ளே புகுந்த நீர் அவ்வழியே வடியட்டும். எவ்வளவு தார் அப்பினாலும் விளிம்பு மாறிப் படிந்த தகடு ஒழுகத்தான் செய்யும்.

மின்வேலைக்கு முன் பிரேக்கரை அணைத்து டெஸ்டரால் சரிபாருங்கள். கறுப்போடு கறுப்பு, வெள்ளையோடு வெள்ளை, தரைக்கம்பி தரைக்கம்பியோடு. இணைப்புகள் பெட்டிக்குள் இருக்கட்டும். அனுமதி தேவையா என்று நகராட்சியில் முன்பே கேட்டுவிடுங்கள். சூட்டைப் பார்த்து விசிறியை இயக்கும் தெர்மோஸ்டாட்டை 105 டிகிரிக்கு அருகில் வையுங்கள்.

எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் அட்டிக்கிலோ வீட்டுக்குள்ளோ இருந்தால் கவனம்: விசிறியின் இழுப்பில் புகை உள்ளே திரும்பலாம். புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை உணர்த்தும் எச்சரிக்கைக் கருவி இல்லாமல் விசிறியை ஓட்டாதீர்கள்.

கடைசியாக, விசிறி ஓடும்போது அட்டிக் ஏறுவாயிலின் இடுக்கில் மெல்லிய காகிதத்தைப் பிடியுங்கள். அது மேல்நோக்கி இழுபட்டால் நீங்கள் பணம் கொடுத்துக் குளிர்வித்த காற்று கூரை வழியே போகிறது. ஏறுவாயிலுக்கு ரப்பர் பட்டையும், விளக்குத் துளைகளுக்கு அடைப்பும் போட்டுவிட்டு மறுபடி பிடித்துப் பாருங்கள்.