திருப்பாதிரிப்புலியூரை ஒரே வரியில் அடக்க ஒரு ஒடுக்கமான ஃபான்ட்: செய்முறை

திருப்பாதிரிப்புலியூர் என்ற பெயரைச் சின்ன போர்டில் பெரிதாக வைத்துப் பாருங்கள். பாதியிலேயே இடம் தீர்ந்துவிடும். இருக்கிற ஃபான்டைப் பக்கவாட்டில் நசுக்கினால் நிற்கும் கோடுகள் மெலியும், படுக்கைக் கோடுகள் மட்டும் தடியாகவே நிற்கும். பார்க்கச் சகிக்காது. அதனால் கடலூர்க் கடைகளின் தலைப்புக்கென்றே கையால் வரைந்து ஒரு ஃபான்ட் செய்தேன். அந்த வழி இதோ.

1. வரைதல்

கிராஃப் தாளும் உருண்டை முனை மார்க்கரும் போதும். பட்டை முனை வேண்டாம், ஒடுக்கமான எழுத்தில் சுழிகளை அடைத்துவிடும். ப, ம, ட எல்லாம் 6 கட்டம் உயரம், 3 கட்டம் அகலம். ண, ஐ, ஊ மூன்றையும் அந்த அகலத்தில் திணிக்காதீர்கள். ண-வின் சுழிகளை வட்டமாக இல்லாமல் நெட்டையாக வரைந்து, உள்ளே வெள்ளை தெரிய விடுங்கள். கோடு லேசாக ஆடட்டும், அழகே அதில்தான்.

247 எழுத்தும் வரைய வேண்டாம். கொம்பு, துணைக்கால், புள்ளி எல்லாம் ஒருமுறை போதும். ஆனால் கு, சு, து, மு ஒவ்வொன்றும் வேறு உருவம். உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்தையும் வரைந்தே ஆக வேண்டும். டி, டீ-யும் அப்படித்தான்.

2. கணினிக்கு

600 டிபிஐ-யில் ஸ்கேன், இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் ட்ரேஸ் (படத்தைக் கோட்டுருவாக்குவது), ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற ஃபான்ட் செய்யும் செயலியில் இறக்குமதி. இரண்டு செயலிகளும் இலவசம். கையெழுத்தை ஃபான்டாக்கித் தரும் ஆப்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த படியில் வரும் விதிகள் நம் கையில் இருக்க வேண்டும்.

3. சேர்க்கை விதி

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இது. கு-வை வரைந்து வைத்தால் மட்டும் அது தெரியாது. யூனிகோடில் கு-வுக்குத் தனி எண் கிடையாது. க-வும் உகரக் குறியும் அடுத்தடுத்து வரும், அவ்வளவுதான். அந்த இரண்டும் சேர்ந்து வந்தால் என் படத்தைப் போடு என்று ஃபான்டுக்குச் சொல்ல வேண்டும்.

ஃபான்ட்ஃபோர்ஜில் ஃபான்ட் இன்ஃபோ, லுக்கப்ஸ், ஜிசப் (GSUB, எழுத்துருவை மாற்றும் விதிகளின் பகுதி) போய் 'லிகேச்சர் சப்ஸ்டிடியூஷன்' எடுங்கள். ஃபீச்சர் பிஎஸ்டிஎஸ் (psts). ஸ்கிரிப்ட், அதாவது தமிழ் எழுத்துக்கான குறியீடு, டிஎம்எல்2 (tml2), பழைய செயலிகளுக்காக டிஏஎம்எல்-லையும் (taml) சேர்த்துவிடுங்கள். அப்புறம் அந்த 36 எழுத்துக்கும், டி, டீ-க்கும் ஒவ்வொன்றாக விதி. அலுப்பான வேலைதான், ஆனால் ஒன்றைக்கூட விடாதீர்கள். மெய்யெழுத்து 18-க்கும் இதே மாதிரி ஹெச்ஏஎல்என் (haln) ஃபீச்சரில் எழுதினால் ண், ப் இரண்டிலும் புள்ளி சரியான இடத்தில் உட்காரும்.

4. சோதனை

பண்ருட்டி, மஞ்சக்குப்பம், தேங்காய்த்திட்டு, சங்கராபரணி. நம் பக்கத்து ஊர், ஆற்றுப் பெயர்களைவிட நல்ல சோதனை இல்லை. விண்டோஸில் புள்ளியின் தலையோ கூ-வின் அடியோ வெட்டுப்பட்டால் ஃபான்ட் இன்ஃபோவில் வின் அசென்ட், வின் டிசென்ட் (எழுத்தின் மேல், கீழ் எல்லை) அளவுகளைக் கூட்டுங்கள்.

பிற்சேர்க்கை: புதுச்சேரி வாசகர் ஒருவருக்குக் கொம்பாக்கத்தின் முதல் எழுத்து மட்டும் வேறு ஃபான்டில் வந்திருக்கிறது. ஒகரக் குறியைச் செயலியே கொம்பாகவும் காலாகவும் பிரித்துக்கொள்ளும் என்றாலும், ஃபான்டில் அந்தக் குறிக்கான கட்டம் காலியாக இருந்தால் சில செயலிகள் வேறு ஃபான்டுக்குத் தாவிவிடும். கொம்பையும் காலையும் சேர்த்து அங்கே ஒரு படம் வைத்துவிடுங்கள். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் அப்படியே.