அளவும் நேரமும் தப்பினால்: ஆட்டிசக் குழந்தையின் புலன் தேவைகளில் வீட்டில் நடக்கும் தவறுகள்

குக்கர் விசில் வருவதற்கு முன்பே காதைப் பொத்திக்கொண்டு ஓடும் குழந்தை, டிவி சத்தத்தை மட்டும் வீடே அதிர ஏற்றி வைக்கும். "இதுக்கு மட்டும் காது வலிக்காதோ?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். டிவியின் சத்தம் குழந்தையின் கையில் இருக்கிறது. விசில் எப்போது வரும் என்று அதற்குத் தெரியாது. சத்தம் எவ்வளவு என்பதோடு, அது எப்போது வருகிறது, யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் உடல் அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று முடிவாகிறது.

2013-ல் வந்த டிஎஸ்எம்-5 (மனநலப் பாதிப்புகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடு), புலன்கள் மிகையாகவோ குறைவாகவோ வேலை செய்வதை ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்த்தது. இரண்டும் ஒரே குழந்தையிடம் இருக்கலாம். காதில் எல்லாம் அதிகமாகக் கேட்கும். கீழே விழுந்து முழங்கால் தேய்ந்தாலோ உறைக்காது. அதனால் "என் பையனுக்கு சென்சரி (புலன் சிக்கல்) இருக்கு" என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எந்தப் புலன், எந்தப் பக்கம் சாய்கிறது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

"கேட்டுக் கேட்டுப் பழகிடும்"

பல வீடுகளில் நடக்கும் முதல் தவறு இது. பயந்த நிலையில் திரும்பத் திரும்ப அதே சத்தத்தைக் கேட்கும் குழந்தை, சத்தத்துக்குப் பழகுவதை விட்டு பயத்துக்குத்தான் பழகுகிறது. பிறகு மிக்ஸி ஜாரை எடுத்து வைத்தாலே அழுகை வரும். மிக்ஸிக்கு இப்படிச் செய்து பாருங்கள். ஜாரில் எதுவும் போடாமல், மின்சாரம் இல்லாமல், குழந்தையே மூடியைப் போட்டு எடுக்கட்டும். அடுத்த சில நாட்கள், குழந்தை வேறு அறையில் இருக்கும்போது "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லி 5 விநாடி மட்டும் ஓட்டுங்கள். அது அமைதியாக நடந்தால் கதவைத் திறந்து வையுங்கள். கடைசியில் சுவிட்சை அதன் கையிலேயே கொடுங்கள். நடுவில் ஒரு நாள் அழுதால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். வேகம் கூட்ட வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான தவறு, காலை முதல் இரவு வரை இயர்மஃப் (சத்தத்தைக் குறைக்கும் காதுமூடி) மாட்டியே வைப்பது. அமைதியான வீட்டிலும் காதை மூடியே வைத்தால், சாதாரண சத்தம்கூடத் தாங்க முடியாததாகிவிடும். திருமண மேளம், கோயில் உறுமி, தீபாவளி என்று தெரிந்த சத்தங்களுக்கு மாட்டிவிட்டு, முடிந்ததும் கழற்றுங்கள். பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை நம் சட்டமே அனுமதிக்கிறது. நல்ல இயர்மஃப் குறைப்பது சுமார் 20 முதல் 30 டெசிபல்தான். ஆகவே மாட்டினாலும் உள்ளறைக்குப் போவது அவசியம். காதில் பஞ்சு வைப்பது ஏறக்குறைய வீண்; உள்ளே தள்ளிக்கொண்டால் தனி வம்பு.

மெதுவாகத் தொட்டால் வலிக்காது என்ற நினைப்பு

தொடுதலில் மிகையுணர்வு உள்ள குழந்தைக்கு, விரல் நுனியால் மெல்ல வருடுவதுதான் மிக மோசமான தொடுதல். அழுத்தமாகப் பிடித்தால் அமைதியாகும். விருந்தாளி கன்னத்தைக் கிள்ளினால் அலறும் குழந்தை, அப்பா இறுக்கி அணைத்தால் சிரிப்பது இதனால்தான்.

முடிவெட்டு இதற்கு நல்ல உதாரணம். நான்கு பேர் பிடித்துக்கொண்டு வெட்டினால் அன்று வேலை முடியும், அடுத்த முறை சலூன் தெருவுக்கே வராது. கழுத்தில் விழும் முடித் துணுக்கு, ஸ்ப்ரே தண்ணீர், டிரிம்மரின் அதிர்வு, பின்னால் நிற்கும் ஆள் என நான்கு தொல்லைகள் ஒரே நேரத்தில் வருகின்றன. ஒவ்வொன்றாகக் கழியுங்கள். கூட்டம் இல்லாத நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் துணிக்குப் பதில் பழைய காலர் சட்டை. ஸ்ப்ரே வேண்டாம், வீட்டிலேயே தலையை நனைத்துக் கூட்டிப் போகலாம். தொடங்கும் முன் உச்சந்தலையையும் தோளையும் உள்ளங்கையால் ஒரு நிமிடம் அழுத்துங்கள். கத்தரி போதும் என்றால் கத்தரியே போதும். பாதி வெட்டியதும் தாங்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம், மீதி நாளைக்கு. கோணலான தலை ஒன்றும் குற்றமில்லை.

நகம் வெட்டும்போதும் அதே விதிதான்: குளித்த பிறகு, ஒவ்வொரு விரல் நுனியையும் அழுத்திவிட்டு வெட்டுங்கள். தலைக்கு ஊற்றும்போது தலையைப் பின்னால் சாய்க்க வைக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அது கீழே விழுவது போன்ற பயத்தைத் தரும். புதுத்துணியைக் கஞ்சி போகும்வரை இரண்டு முறை துவைத்து, லேபிளைத் தையலோடு பிரித்தெடுத்துவிட்டு உடுத்துங்கள்.

இட்லிக்குள் கேரட்டை ஒளிப்பது

வெள்ளை இட்லி மட்டும் சாப்பிடும் குழந்தைக்கு, மாவில் காய்கறியை அரைத்துக் கலந்து ஏமாற்றுவது எல்லா வீட்டிலும் நடக்கும். குழந்தை கண்டுபிடித்துவிடும். நிறம் மாறும், நாக்கில் படும் விதம் மாறும். அதன்பின் இட்லியையே நம்பாது; இருந்த ஒரு உணவும் போகும். வாயைப் பிடித்து ஊட்டுவது புரையேற வைக்கும், அத்துடன் சாப்பாட்டு நேரமே பயமாகிவிடும்.

பிடித்த உணவை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் வேறு கிண்ணத்தில் ஒரே ஒரு சிறு மாற்றத்தை வையுங்கள். இட்லியிலிருந்து குட்டி இட்லி, பிறகு தட்டு இட்லி, பிறகு மெல்லிய தோசை. ஒரு நேரத்தில் வடிவம், கெட்டி, நிறம், சுவை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுதான் மாறலாம். முதலில் பார்க்கட்டும், தொடட்டும், முகரட்டும், நக்கட்டும். விழுங்குவது கடைசியில். சாப்பிடும் உணவுகள் ஒற்றை இலக்கத்துக்குச் சுருங்கினாலோ எடை குறைந்தாலோ குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். ஆண்டுக்கணக்கில் பழம், காய் தொடாத ஆட்டிசக் குழந்தைகளுக்கு வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி வந்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

ஊஞ்சலும் எடைப் போர்வையும்

தூளியில் முன்னும் பின்னும் மெதுவாக ஆடுவது உடலை அடக்கும். சுழற்றுவது கிளப்பிவிடும். இரவு எட்டு மணிக்கு நன்றாகச் சுழற்றிவிட்டு "தூங்கவே மாட்டேங்குது" என்று புலம்புவதில் நியாயமில்லை. தலை சுற்றவில்லை என்பதால் தாங்குகிறது என்று அர்த்தமாகாது. முகம் வெளுப்பது, வியர்ப்பது, கொட்டாவி, குமட்டல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நிறுத்துங்கள். பாதிப்பு சில மணி நேரம் நீடிக்கலாம். வலிப்பு வந்த குழந்தை என்றால் சுழற்றும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

இன்னொரு பிழை, மெல்ட்டவுன் (தாங்க முடியாமல் கட்டுப்பாடு இழந்து கதறுவது) வந்த பிறகு ஊஞ்சலுக்குத் தூக்கிப் போவது. ஊஞ்சல், சுவரைத் தள்ளுவது, ஒரு கிலோ அரிசிப் பையைச் சுமப்பது எல்லாம் பள்ளிக்கும் வீட்டுப்பாடத்துக்கும் முன்னால் 10 நிமிடம் நடக்க வேண்டியவை. அதைத் தண்டனையாகப் பிடுங்கவும் கூடாது. மெல்ட்டவுன் நடக்கும்போது செய்யக்கூடியது குறைவு: விளக்கை அணைப்பது, ஆட்களை வெளியேற்றுவது, நாம் பேசாமல் இருப்பது, தலையில் அடிபடாமல் தலையணை வைப்பது. அறிவுரை அன்று வேண்டாம்.

எடைப் போர்வை (உள்ளே கனம் வைத்துத் தைத்த போர்வை) விளம்பரங்களுக்கு அவசரப்பட வேண்டாம். ஆட்டிசக் குழந்தைகளின் தூக்கத்தைப் பற்றி 2014-ல் வெளியான ஆய்வில், எடைப் போர்வையால் தூக்க நேரம் கூடவில்லை. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. அதைவிட முக்கியம், குழந்தை தானே உதறி எழ முடிய வேண்டும். முகம் மூடக் கூடாது, இரவு முழுக்கப் போர்த்தக் கூடாது. மே மாதச் சென்னையில் இதை யார் தாங்குவார்கள் என்பது வேறு கேள்வி.

எல்லாவற்றையும் சென்சரி என்பது

நேற்று வரை இல்லாமல் இன்று காதைப் பிடித்து அழுதால் சீழ் இருக்கிறதா என்று பாருங்கள். தலையை முட்டினால் பல் சொத்தை, மலச்சிக்கலையும் சந்தேகியுங்கள். மண், சுண்ணாம்பு, பெயிண்ட் தின்றால் இரும்புச் சத்தும் ஈயமும் ரத்தத்தில் பார்க்க வேண்டும். பேச முடியாத குழந்தைக்கு வலியும் நடத்தையாகத்தான் வெளியே வரும்.

தெரபிக்கு அரசு மருத்துவமனைகளில் இயங்கும் டிஇஐசி எனும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களிலும், சென்னை அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக உள்ள தேசிய நிறுவனத்திலும் கேட்கலாம். எங்கு போனாலும் இரண்டு வாரக் குறிப்பேட்டைக் கொண்டு போங்கள்: என்ன நடந்தது, மணி என்ன, அதற்கு முன் அரை மணி நேரம் என்ன நடந்தது, முந்தைய இரவு எவ்வளவு தூக்கம். ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்) ஒரு பயிற்சி கொடுத்தால் எத்தனை நிமிடம், எந்த நேரம், எந்த அடையாளம் தெரிந்தால் நிறுத்த வேண்டும் என்று மூன்றையும் எழுதி வாங்குங்கள். அதைச் சொல்லாமல், பெற்றோரையும் உள்ளே விடாமல் கதவைச் சாத்தும் இடத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.